முற்றவெளியில் ஒரு கடுகு

விகிதத்தைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் விடையைச் சரியாகவே போடுவார்கள். அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது மட்டும் மனதில் ஏறாது. அதனால்தான் தரம் 8 பிள்ளைகளை யாழ்ப்பாணக் கோட்டைக்கு முன்னால் உள்ள முற்றவெளிக்குக் கூட்டிக்கொண்டு போய், சூரியக் குடும்பத்தைச் சின்னதாக்கி அங்கே வைக்கச் சொல்கிறேன்.

அளவிடை இதுதான்: 1 சென்ரிமீற்றர் என்றால் 1 இலட்சம் கிலோமீற்றர். சூரியனின் விட்டம் ஏறக்குறைய 14 இலட்சம் கிலோமீற்றர், ஆகவே மட்டையில் 14 சென்ரிமீற்றர் அகலத்துக்கு ஒரு வட்டம். பூமி 1.3 மில்லிமீற்றர், கடுகு போதும். "ரீச்சர், நாங்கள் எல்லாரும் இதுக்குள்ளயா?" என்று உள்ளங்கையில் கடுகை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே வெயிலில் நிற்கலாம்.

பிறகு தூரம். சூரியனிலிருந்து பூமிக்கு ஏறக்குறைய 15 கோடி கிலோமீற்றர். அதை ஒரு இலட்சத்தால் வகுத்தால் 1,500 சென்ரிமீற்றர், அதாவது 15 மீற்றர். பூச்சியம் வெட்டுவதில்தான் அதிகம் பிழை விடுவார்கள். கொப்பியில் அது ஒரு சிவப்புப் புள்ளடியோடு முடிந்துவிடும். இங்கே ஒரு பூச்சியம் கூடினால் பூமி 150 மீற்றருக்கு ஓடிவிடும், வியாழனையும் தாண்டி! பிழையை அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். வியாழன் 78 மீற்றரில், ஒரு சின்னப் போளை. சந்திரனோ கடுகிலிருந்து 4 சென்ரிமீற்றர்கூட இல்லை.

நெப்டியூனுக்கு 450 மீற்றர் வேண்டும், அதைக் கணக்கோடு விட்டுவிடுவோம்.

பத்தின் வலுக்களுக்கு வீட்டுவேலை: சூரியனுக்கு அடுத்த நட்சத்திரமான ப்ரொக்ஸிமா சென்ரோரி சுமார் 40 இலட்சம் கோடி கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. இதே அளவிடையில் அதை எங்கே வைப்பது? விடை 4,000 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் தூரத்தைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு.