சாட்டிலைட் மதியம் ஒன்றரைக்கே வரணும்

காத்துல இருக்க ஆக்சிஜன் 60 கிகாஹெர்ட்ஸ் சுத்துவட்டாரத்துல தானாவே மைக்ரோவேவ விட்டுட்டே இருக்கு, எவ்ளோ சூடோ அதுக்கேத்த மாதிரி. அத 800 கிலோமீட்டருக்கு மேல இருந்து சாட்டிலைட்டுல புடிச்சுத்தான் காத்தோட டெம்பரேச்சர கணக்கு பண்றாங்க, 1978 கடைசில டைரோஸ்-என்ங்கற அமெரிக்க வானிலை சாட்டிலைட் போனதுல இருந்து இது நடக்குது.

கருவி பண்ற வேலைய பாத்தா எனக்கு இன்னும் ஆச்சரியமா இருக்கு. இந்த மைக்ரோவேவ அளக்க இப்ப இருக்க ஏடிஎம்எஸ்ங்கற கருவிய எடுத்துக்கோங்க, அதோட கண்ணாடி 8 செகண்டுக்கு 3 சுத்து சுத்தும், ஒவ்வொரு சுத்துலயும் பூமிய 96 இடத்துல பாக்கும், அப்புறம் அப்படியே திரும்பி 2.7 கெல்வின்ல உறைஞ்சு கெடக்குற வெறும் விண்வெளிய பாக்கும், அடுத்து தனக்குள்ளயே இருக்க, சூடு எவ்ளோன்னு துல்லியமா தெரிஞ்ச ஒரு கருப்பு பொருள பாக்கும். ரெண்டு முனையும் தெரிஞ்சதால நடுவுல இருக்கறத நம்பலாம்.

ஆனா பழைய சாட்டிலைட்டுகள்ல சிக்கல் வேற பக்கம் இருந்துச்சு. பாதைய சரிபண்ணிக்கிற வசதியே கெடையாது. நோவா-11, நோவா-14ங்கற அமெரிக்க வானிலை சாட்டிலைட் ரெண்டும் ஆரம்பத்துல அந்தந்த ஊர் நேரப்படி மதியம் ஒன்றரை வாக்குல பூமத்திய ரேகைய கடந்துட்டிருந்தது, வருஷம் போகப்போக சாயங்காலத்துக்கு நகந்துடுச்சு. தெனமும் மத்தியானம் மொட்டைமாடில சூடு பாத்தவரு கொஞ்சம் கொஞ்சமா அஞ்சு மணிக்கு பாக்க ஆரம்பிச்சா ஊரே குளுந்துட்டதா தோணும்ல, அதேதான். இந்த சாட்டிலைட் அளவுகள வச்சு டெம்பரேச்சர் கணக்கு போட்ட விஞ்ஞானிங்க ஸ்பென்சரும் கிறிஸ்டியும். இந்த நகர்வுக்கு அவங்க போட்ட திருத்தத்துல பிளஸ் மைனஸ் மாறி இருக்குன்னு 2005ல இன்னொரு குழுவ சேந்த மியர்ஸும் வென்ட்ஸும் காட்டுனாங்க, ஸ்பென்சரும் கிறிஸ்டியும் ஒத்துக்கிட்டு மாத்துனாங்க. நாம தேடுற மாற்றமே பத்து வருஷத்துக்கு 0.1, 0.2 டிகிரிதான், அதனால இது சின்ன விஷயமே இல்ல.

அதுக்குத்தான் 2002ல போன அக்வாவும் 2011ல போன சுவோமி என்பிபியும் எனக்கு அவ்ளோ முக்கியமா படுது. எரிபொருள் செலவு பண்ணி வருஷக்கணக்கா அதே ஒன்றரை மணிய காப்பாத்துனதுங்க. 2017ல நோவா-20யும் அதே பாதைல சேந்துச்சு, அப்ப ரெண்டும் ஒரே பாதைல ஏறக்குறைய 50 நிமிஷ இடைவெளில ஒண்ணு பின்னால ஒண்ணா சுத்துச்சு, ரெண்டுக்கும் கடக்குற நேரம் அதே ஒன்றரைதான், அதனால ஒண்ணோட அளவ இன்னொண்ண வச்சு நேரடியா சரிபாக்க முடிஞ்சுச்சு, பெரிய திருத்தமே தேவைப்படல. அடுத்து எத அனுப்புனாலும், புது வசதி என்ன இருக்குன்னு பாக்கறதுக்கு முன்னாடி நேரத்த காப்பாத்த எரிபொருள் எடுத்துட்டு போகுதான்னுதான் நான் பாப்பேன்.