ராய் கால்னும் நம் மெடிக்கல் வார்டும்

நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரிப் பழைய மாணவர் சங்க மலர்க் குழுவினர் இந்த ஆண்டு ஆசிரியர் ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். பழைய ஜெயில் ரோட்டில் நமக்கு வாய்த்தவர்களில் ஒருவரை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் 2024 ஜனவரியில் உறுப்பு மாற்று அறுவை முன்னோடி சர் ராய் கால்ன் தம் 93ஆம் வயதில் கேம்பிரிட்ஜில் காலமானதிலிருந்து மனம் அவரிடமே போகிறது. அவர் ஸ்டான்லிக்காரர் அல்லர். எண்பதுகளின் தொடக்கத்தில் நம் வார்டில் நாம் விடையில்லாமல் பார்த்துக்கொண்டிருந்த சிரோசிஸ் என்னும் கல்லீரல் சுருக்க நோய்க்கு விடை தேடியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்.

அந்த வார்டு உங்களுக்குத் தெரியும். வயிற்றைத் தட்டி நீர் பார்ப்போம், கையை நீட்டச் சொல்லி நடுக்கம் பார்ப்போம், நீர் இறக்குவோம். இரவில் ரத்தவாந்தி என்றால் பிளேக்மோர் டியூப், உணவுக்குழாய்க்குள் ஊதி ரத்தக்கசிவை அழுத்தி நிறுத்தும் பலூன் குழாய். பரீட்சைக்கு அதைவிட நல்ல கேஸ் கிடையாது. சிரோசிஸ் பற்றி எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள், குணப்படுத்தும் வழி ஒன்றைத் தவிர. அப்படி ஒன்று அன்று இல்லை. வீட்டார் கேட்டால், "அழைத்துக்கொண்டு போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதுதான் பதில்.

கால்னுக்கும் இதே பதில்தான் கிடைத்தது. லண்டன் கைஸ் மருத்துவமனையில் அவர் மாணவராக இருந்தபோது, ஏறக்குறைய அவர் வயதுப் பையன் ஒருவன் சிறுநீரகம் செயலிழந்து கிடந்தான். இரண்டு வாரத்தில் போய்விடுவான், வலியில்லாமல் பார்த்துக்கொள் என்றார் மூத்த மருத்துவர். வேறொரு சிறுநீரகத்தைப் பொருத்த முடியாதா என்று கேட்டார் கால்ன். முடியாது. ஏன் முடியாது? முடியாது என்றால் முடியாது. எல்லார் முன்னும் கேள்வி அடைபட்டது. பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில், உடலின் எதிர்ப்பாற்றலை ஆராய்ந்த பீட்டர் மெடாவரின் உரையைக் கேட்டபோதும், இந்த ஆய்வால் நோயாளிக்குப் பயன் ஏதும் உண்டா என்ற கேள்விக்கு, அறவே இல்லை என்பதே பதிலாக வந்தது. அவர் ஆராய்ச்சி வாழ்க்கை முழுவதும் அந்த 'ஏன் முடியாது' என்பதற்கு ஒவ்வொரு காரணமாகக் கண்டுபிடித்து நீக்கியதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் காரணம், பொருத்திய உறுப்பை அந்நியம் என்று தாக்கும் உடலின் எதிர்ப்பு. கதிர்வீச்சால் அதை அடக்கப் பார்த்தார்கள், நாய்கள் செத்தன. 1959இல் ஷ்வார்ட்ஸ், டேமஷெக் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், 6-மெர்கேப்டோப்யூரின் என்ற ரத்தப்புற்று மருந்து முயல்களின் எதிர்ப்பாற்றலைக் குறைப்பதாக எழுதியிருந்தார்கள். அந்த மருந்தைச் சிறுநீரகம் பொருத்திய நாய்களுக்குக் கொடுத்து, 1960இல் முடிவுகளை வெளியிட்டார் கால்ன். பிறகு பாஸ்டனில் சிறுநீரக மாற்று அறுவை மருத்துவர் ஜோசப் மரேயிடம் வேலை. ஹிச்சிங்ஸும் எலியனும் உருவாக்கிய, அதே வகை மருந்தான அசாதயோப்ரின் அங்கேதான் அவர் கைக்கு வந்தது.

கல்லீரல் வேறு மாதிரி உறுப்பு என்பதைப் பன்றிகளில் கண்டார். எதிர்ப்பை அடக்கும் மருந்தே கொடுக்காமல் பல பன்றிகளில் புதுக் கல்லீரல் தங்கியது. அதே பன்றிகள் அதே கொடையாளியின் தோலையும் சிறுநீரகத்தையும்கூட ஏற்றுக்கொண்டன. 1969இல் வெளிவந்த அந்தக் கட்டுரையைப் படித்தால், இன்று கல்லீரலுக்கு ரத்த வகையும் அளவும் பொருந்தினால் போதும், சிறுநீரகத்துக்குப் போல திசுப் பொருத்தம் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது வியப்பாக இருக்காது.

டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் 1963 மார்ச்சில் செய்த முதல் கல்லீரல் மாற்றில் குழந்தை அறுவை மேசையிலேயே ரத்தம் போய் இறந்தது. 1967இல்தான் ஒரு குழந்தை ஓராண்டைத் தாண்டியது. 1968 மே 2ஆம் தேதி கேம்பிரிட்ஜின் ஆடன்ப்ரூக்ஸ் மருத்துவமனையில் கால்ன் ஐரோப்பாவின் முதல் கல்லீரல் மாற்றைச் செய்தார். நோயாளிகளைத் தேர்ந்து, பின் கவனித்தவர் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் ரோஜர் வில்லியம்ஸ்.

அந்த அறுவையில் எங்கெங்கே உயிர் போகும் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் ஏறிய அழுத்தத்தால் வயிறு முழுக்கப் புடைத்த சிரைகள். உறைவுக் காரணிகளைச் செய்யும் கல்லீரலோ ஏற்கெனவே பழுது. வெட்டும் இடமெல்லாம் கசியும். கீழ்ப்பெருஞ்சிரையையும் போர்ட்டல் சிரையையும் கிடுக்கியால் அடைத்ததும் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து அழுத்தம் விழும். கல்லீரலுக்கு மேலே சிரை, கீழே சிரை, பிறகு போர்ட்டல் என்று தைத்து, கிடுக்கியைத் திறக்கும் நொடிதான் மிக அபாயம். குளிரில் வைத்த கல்லீரலுக்குள் தங்கிய பொட்டாசியமும் அமிலமும் நேரே இதயத்துக்குப் போய் அதை நிறுத்திவிடும். ஆகவே திறக்கும் முன் அந்தத் திரவத்தைக் கழுவி வெளியேற்றிவிட வேண்டும். பிறகு தமனி. அது அடைத்துக்கொண்டால் பித்தநாளம் அழுகும்; பித்தநாளத்துக்கு ரத்தம் தமனியிலிருந்துதான் வருகிறது. கடைசியில் பித்தநாள இணைப்பு. தொடக்க ஆண்டுகளில் கசிவும் சீழும் நோயாளிகளைக் கொன்றது இங்கேதான். கால்ன் பித்தப்பையையே இடைக்குழாயாக வைத்து 1976இல் ஒரு முறையை எழுதினார். பிறகு நாளத்தோடு நாளத்தை இணைப்பதே வழக்கமானது. ஆனாலும் அந்த முறை பல உயிர்களைக் காத்த இடைக்காலப் பாலம்.

எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் கதை அறிந்ததே. சாண்டோஸ் என்ற சுவிஸ் மருந்து நிறுவனத்தில் போரெல் கண்ட பூஞ்சைப் பொருள் நீரில் கரையவில்லை. கேம்பிரிட்ஜில் இருந்த கிரேக்க ஆய்வாளர் கோஸ்டாகிஸ் ஆலிவ் எண்ணெயில் கரைத்து எலிகளுக்குக் கொடுத்தார். பொருத்திய இதயங்கள் துடித்துக்கொண்டே இருந்தன. 1978இல் மனிதர்களுக்குக் கொடுத்தபோது, விலங்குகளில் தெரியாத ஒன்று தெரிந்தது: மருந்தே சிறுநீரகத்தைக் கெடுத்தது. அளவைக் குறைத்து, ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுக்கக் கற்றார்கள். அதற்கு முன் கல்லீரல் பெற்றவர்களில் மூவரில் ஒருவர்தான் ஓராண்டு வாழ்ந்தார். எண்பதுகளின் நடுவில் பத்தில் ஏழு பேர் வாழ்ந்தார்கள். கல்லீரல் மாற்று இனிப் பரிசோதனை அல்ல, சிகிச்சை என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கூட்டம் 1983இல் அறிவித்தது. நாம் டியூப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

ரோஜர் வில்லியம்ஸ் இருந்த கிங்ஸில் பிறகு வந்தவர் நம்மவர். ஸ்டான்லியில் படித்த முகமது ரேலா 1997இல் அங்கே, பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்கு இன்னொருவர் கல்லீரலின் சிறு பகுதியைப் பொருத்தினார். இதைப் படிக்கும் நம் கல்லூரிக்காரர் யாருக்கும் நெஞ்சு நிமிரும். அவர் சென்னைக்குத் திரும்பியதை நினைக்கும்போது, திரும்பாத எங்களைப் போன்றவர்களுக்கு நெஞ்சில் இன்னொன்றும் இருக்கும். அதை இங்கே விரித்து எழுதவில்லை.

அறுவை அரங்குக்குள் தீர்க்க முடியாத காரணம் ஒன்று மிஞ்சியது: கொடை. 1968இல் பிரிட்டனில் மூளைச்சாவுக்கு விதிமுறை கிடையாது. வென்டிலேட்டரை நிறுத்தி, இதயம் நிற்கும்வரை காத்திருந்துதான் கல்லீரலை எடுத்தார்கள். காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கல்லீரல் வெப்பத்திலேயே சாகும். மூளைத்தண்டுச் சாவின் விதிகள் அங்கே 1976இல் வந்தன. இந்தியாவில் சட்டம் 1994இல். தமிழ்நாட்டில் அது உண்மையில் உயிர்பெற்றது 2008இல்; விபத்தில் மூளைச்சாவு அடைந்த பள்ளி மாணவனின் உறுப்புகளை மருத்துவர்களான பெற்றோரே கொடுத்த ஆண்டு அது.

மூளைச்சாவைச் சான்றளிப்பது கடினமான வித்தை அல்ல, ஆனால் ஒரு படியும் தவறக்கூடாது. உடல் வெப்பமும் ரத்த அழுத்தமும் சரியாக இருக்க வேண்டும். மயக்க மருந்து எதுவும் உடலில் மிச்சம் இருக்கக்கூடாது. பிறகு கண்மணி, கருவிழி, இருமல் அனிச்சைகள். கடைசியில் மூச்சு நிறுத்தச் சோதனை: நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்து, வென்டிலேட்டரைக் கழற்றி, ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 60 மில்லிமீட்டரைத் தாண்டியும் மார்பு அசைகிறதா என்று பார்ப்பது. ஆறு மணி நேரம் கழித்து எல்லாம் மீண்டும் ஒருமுறை. இடையில் கொடையாளியைக் காப்பதில்தான் பல கல்லீரல்கள் வீணாகின்றன. மூளை இறந்ததும் சிறுநீர் கட்டுக்கடங்காமல் போகும், ரத்தத்தில் சோடியம் ஏறும். 155ஐத் தாண்டவிட்டால் பொருத்திய பிறகு கல்லீரல் வேலை செய்யாமல் போகும் வாய்ப்பு கூடும். மணிக்கணக்கில் சிறுநீரை அளந்து, சிறுநீரைக் குறைக்கும் வாசோப்ரெசின் கொடுத்து, நீரை ஈடுகட்ட ஒருவர் கட்டிலருகில் இருக்க வேண்டும்.

2023 செப்டம்பரில் கொடையாளிகளின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்று தமிழக அரசு அறிவித்ததைப் படித்தபோது கண் கலங்கியது. சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு நிதியைக் கட்டடத்துக்குக் கொடுக்காமல், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்களுக்கும் குடும்பத்தோடு பேசும் ஒருங்கிணைப்பாளர்களுக்கும் பயிற்சி தரக் கொடுப்போம். நம் வகுப்பில் மயக்கவியல் படித்து அங்கேயே ஓய்வுபெற்றவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லிக்கொடுத்தால் போதும், இங்கிருந்து யாரும் போக வேண்டியதில்லை. பணத்தை மட்டும் நாம் அனுப்பலாம்.