மூணு எக்ஸ் சமம் 12

எட்டாம் வகுப்பில் போர்டில் 'மூணு எக்ஸ் சமம் 12, எக்ஸ் எவ்வளவு?' என்று எழுதிப் போட்டால், 9 என்று எழுதும் பிள்ளைகள் நாலைந்து பேராவது இருப்பார்கள். ஏன் என்று கேட்டால், "அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆயிரும்லா சார்" என்று பதில் வரும். 12-இல் 3 போனால் 9. எக்ஸ் பிளஸ் 3 சமம் 12 என்ற கணக்குக்குச் சொல்லிக்கொடுத்த விதியை அந்தப் பிள்ளை அப்படியே பெருக்கலுக்கும் கொண்டுபோயிருக்கிறது. அது சோம்பேறி இல்லை, மக்கும் இல்லை. சொல்லிக்கொடுத்ததைச் செய்திருக்கிறது. அந்த 9 எங்கிருந்து வந்தது என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிப்பவர்தான் நம் பள்ளிக்கூடங்களுக்கு வேண்டிய கணக்கு வாத்தியார்.

இப்போதுள்ள தேர்வுகளில் இந்தத் திறமையை அளக்க இடமே இல்லை. டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் 150 கேள்வி. குழந்தை வளர்ச்சிக்கு 30, தமிழுக்கு 30, ஆங்கிலத்துக்கு 30 போக மிச்சம் 60. அதையும் கணிதமும் அறிவியலும் பங்குபோட்டுக்கொள்கின்றன. முதுகலை ஆசிரியர் தேர்வு பரவாயில்லை. 150-இல் 110 பாடத்துக்கு, 30 கல்வியியலுக்கு, 10 பொது அறிவுக்கு. பாடம் தெரியாதவரை வடிகட்ட இவை உதவும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எல்லாமே நான்கில் ஒன்றைக் குறிக்கிற கேள்விகள். அவர் சாக்பீஸைப் பிடித்து நிற்பதை வேலை கிடைக்கும்வரை யாரும் பார்ப்பதில்லை.

அரசுப் பள்ளி நிரந்தரப் பணியிடத்தில் நம்மால் எதையும் மாற்ற முடியாது. ஆனால் பாளையங்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் அரசு உதவி பெறும் பள்ளிகள் நிறைய உண்டு. அங்கே ஆளைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகம். அரசுப் பள்ளியிலும் வருஷ நடுவில் காலியிடம் விழுந்தால், பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை எடுக்கிறார்கள். இந்த இரண்டு இடத்திலும் தேர்வு நம் கையில் இருக்கிறது. அங்கேயும் 'டெமோ' என்ற பேரில் பத்து நிமிஷம் பிதாகரஸ் தேற்றத்தைக் கமிட்டிக்காரர்கள் முன்னால் ஒப்பிக்கச் சொல்கிறோம். அது மனப்பாடத்துக்கான பரீட்சை.

அதற்குப் பதில், உங்கள் பள்ளிப் பிள்ளைகளின் நோட்டிலிருந்தே ஆறு தப்பு விடைகளைப் பெயர் இல்லாமல் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். இருபது நிமிஷம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுத வேண்டும்: பிள்ளை என்ன நினைத்து இப்படிப் போட்டது, அடுத்து அதனிடம் நீங்கள் கேட்கும் கேள்வி என்ன. ஆறில் மூன்றுக்குக் 'கவனக்குறைவு', 'அடிப்படை இல்லை' என்று எழுதுகிறவரை எடுக்காதீர்கள், அவர் எம்.எஸ்ஸி.யில் முதல் மாணவராக இருந்தாலும்.

1/2 + 1/3 = 2/5 என்ற விடையை அந்த ஆறில் கட்டாயம் வையுங்கள். மீச்சிறு பொது மடங்கை மறுபடி சொல்லிக்கொடுப்பேன் என்று பெரும்பாலோர் எழுதுவார்கள். அதைத்தான் ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம். "2/5 அரையை விடப் பெருசா, சிறுசா?" என்று கேட்பேன் என ஒருவர் எழுதினால் அவரை விடாதீர்கள். அரையோடு இன்னொன்றைக் கூட்டிய பிறகு அரையை விடக் குறைந்திருக்கிறதே என்று பிள்ளையே திடுக்கிட வேண்டும். அந்தத் திடுக்கிடலுக்குப் பிறகு சொல்லித்தரும் விதிதான் தங்கும். 'ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்' என்பதை ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் என்று எழுதும் பிள்ளைக்கும் இதே வழிதான்: ஏ-க்கு 3, பி-க்கு 4 போட்டுப் பார்க்கச் சொன்னால் 49-க்கும் 25-க்கும் உள்ள இடைவெளி கண்ணில் படும்.

அடுத்தது நிஜ வகுப்பு. தலைப்பை அரை மணி முன்னால் சொல்லி, பதினைந்து நிமிஷம் எடுக்கச் சொல்லுங்கள். நேர் விகிதம் நல்ல தலைப்பு. வீட்டில் பீடி சுற்றும் முக்கூடல் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்றால் 650 பீடிக்கு எவ்வளவு என்பது வீட்டுத் திண்ணையிலேயே மனக்கணக்காக வரும். அதே பிள்ளை புத்தகத்தில் நேர் விகிதம் என்றதும் தடுமாறும். வந்தவர் அந்தத் திண்ணையிலிருந்து தொடங்குகிறாரா, சூத்திரத்திலிருந்தா என்று பாருங்கள். கேள்வி கேட்டபின் எத்தனை விநாடி காத்திருக்கிறார், முதல் பெஞ்சை விட்டு அவர் பார்வை நகர்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகப் போர்டில் மரக் காம்பஸால் வட்டத்துக்கு ஒரு தொடுகோடு வரையச் சொல்லுங்கள். காம்பஸ் வழுக்கும், வட்டம் மூடாது. பழக்கம் இல்லாதவர் அங்கேயே தெரிந்துவிடுவார்.

சேர்ந்த பிறகுதான் பெரிய சிக்கல். பத்தாம் வகுப்புக் கணிதத் தாளில் ஒரு மார்க் கேள்விகளுக்கு 14, செய்முறை வடிவியலும் வரைபடமும் சேர்த்து 16. ஆக 30. பாஸ் மார்க் 35, இன்னும் 5 வந்தால் போதும். இந்தக் கூட்டல் எல்லாத் தலைமையாசிரியருக்கும் தெரியும். அரையாண்டுக்குப் பிறகு மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு வட்டமும் கிராப்பும் மட்டுமே நடக்கிறது. ரிசல்ட் வந்துவிடும். இயற்கணிதத்தைத் தொடாமலே பாஸான அந்தப் பிள்ளை பதினொன்றில் கணக்கு குரூப் எடுத்தால் முதல் மாதத்திலேயே நொறுங்கிப்போகும். அதனால் புதியவரிடம் முதல் வருஷமே பத்தாம் வகுப்பைக் கொடுக்காதீர்கள். குறுக்கு வழியை முதலில் கற்றவர் நேர்வழிக்குத் திரும்புவது கஷ்டம். ஆறும் எட்டும் கொடுங்கள்.

சின்ன உயர்நிலைப் பள்ளியில் இது நடக்காது, ஒரே கணக்கு ஆசிரியர்தான் இருப்பார். வகுப்புக்கு வாரம் 7 பாடவேளை என்று வைத்தால், ஐந்து வகுப்புக்கு 35. நாளைக்கு 8 வீதம் வாரத்துக்கே 40 பாடவேளைதான். வகுப்புக்கு 40 பேர் என்றால் 200 நோட்டு. ஒன்றுக்கு ஒரு நிமிஷம் என்றாலும் மூன்று மணி இருபது நிமிஷம். எப்போது திருத்துவார்? டிக் மட்டும் போட்டு அடுக்கிவைப்பார். வகுப்புக்கு ஒரு நாளைக்கு எட்டு நோட்டு போதும். மொத்தம் 40, வாரக் கடைசியில் எல்லோர் நோட்டும் ஒரு சுற்று வந்துவிடும். அந்த எட்டை டிக் போடாமல் படிக்க வேண்டும்.

பி.எட். இரண்டு வருஷப் படிப்பாக மாறிய பிறகு, மாணவர் பயிற்சிக்காகப் பள்ளியில் இருக்கும் காலம் 20 வாரம்: முதல் வருஷம் 4, இரண்டாம் வருஷம் 16. இது பொன்னான காலம். லீவு போட்டவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ளவும், தெர்மாகோல் மாடல் செய்யவும், ரெக்கார்டு எழுதவும் அது கரைந்துபோகிறது. வழிகாட்டி ஆசிரியர் வாரம் இரண்டு வகுப்பாவது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பயிற்சி மாணவரும் ஒரு வகுப்பின் நோட்டுக்கட்டை முழுப் பருவமும் தன் பொறுப்பில் வைத்திருக்க வேண்டும்.

பணியிடைப் பயிற்சி மாநிலத்திலிருந்து மாவட்டம், ஒன்றியம் என்று இறங்கும்போது படிக்குப் படி சாரம் குறைகிறது. களக்காடு, ஏர்வாடி, வள்ளியூர் மாதிரி பக்கத்துப் பக்கத்து ஊர்களில் உள்ள ஐந்து பள்ளிக் கணக்கு ஆசிரியர்கள் மாதம் ஒருநாள் சாயங்காலம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் அதைவிட அதிகம் கிடைக்கும். ஆளுக்கு ஐந்து நோட்டு கொண்டுவர வேண்டும். முதல் ஒரு மணி நேரம் தப்புகளைப் பிரித்து அடுக்குவது. அடுத்த ஒரு மணி நேரம், அதிகம் வந்த ஒரே ஒரு தப்புக்கு எல்லோரும் சேர்ந்து ஒரு பாடவேளையை எழுதுவது. மறுவாரம் ஒருவர் அதை நடத்த, முடிந்தவர்கள் வந்து பார்க்கட்டும். முதல் கூட்டத்துக்கு மூணு எக்ஸ் சமம் 12-ஐயே எடுத்துக்கொள்ளலாம்.