வாகைகுளத்திலிருந்து சேலத்துக்கு: 340 கிலோமீட்டரும் ஒன்பதரை மணி நேரமும்

இடுப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட என் அத்தையைப் பாளையங்கோட்டையிலிருந்து சேலத்தில் உள்ள அவர் மகள் வீட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. காரில் சுமார் 390 கிலோமீட்டர் தூரத்தை ஏழு மணி நேரம் உட்கார்ந்தே கடப்பது அவரால் இயலாது. இரவு ரயிலிலோ கீழ்ப் படுக்கை கிடைக்கவில்லை. விமானத்தை யோசித்தது அதனால்தான்.

வாகைகுளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையமும், ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையமும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில், 78 பாகையை ஒட்டி அமைந்திருப்பதால், தூரத்தைக் கணக்கிடப் பெரிய கணிதம் தேவைப்படவில்லை. அட்சரேகைகள் முறையே 8.72, 11.78, வித்தியாசம் 3.06 பாகை, ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று நாட்காட்டித் தாளின் பின்புறம் பெருக்கிப் பார்த்தேன், 340 வந்தது. இணையத்தில் தேடியபோதும் அதே தூரத்தைக் காட்டி, பயண நேரம் ஒரு மணிக்கும் குறைவு என்றார்கள். அந்த ஊர்களுக்கு இடையே நேரடி விமானம் இல்லை என்பதை மட்டும் அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆகவே சென்னை வழியாகப் போனோம். வாகைகுளத்திலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் சுமார் 530 கிலோமீட்டர், அங்கிருந்து சேலத்துக்கு 265. ஆக மொத்தம் 795. "சேலத்துக்குப் போக மெட்ராஸுக்கு எதுக்குய்யா போகணும்?" என்று அத்தை கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

வீட்டிலிருந்து வாகைகுளம் செல்ல நாற்பது நிமிடம். விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம். ஏடிஆர் என்ற சிறிய சுழல்விசிறி விமானத்தில் பயணிகள் ஏறுவது வால் பக்கக் கதவு வழியாக என்பதால், சக்கர நாற்காலியைச் சாய்தளத்தில் ஏற்றி, பின்வரிசை இருக்கையிலேயே அத்தையை உட்கார வைத்தார்கள். இருக்கையைப் பதிவு செய்யும்போதே பின்வரிசையைக் கேட்டு வாங்குவது நல்லது. இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கரிசல் நிலம் மறைக்காமல் தெரிந்தது. மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் ஒரு மணி நேரத்தில் சென்னையை எட்டிவிடும் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வது, மேலேறுவது, மீனம்பாக்கத்தில் இறங்க முறைக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்து ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று.

சென்னையில்தான் என் தவறு உறைத்தது. இரண்டு டிக்கெட்டுகளையும் தனித்தனியாக எடுத்திருந்ததால், பெட்டியைப் பெற்று வெளியே வந்து, மறுபடி ஒப்படைத்து, பாதுகாப்புச் சோதனையையும் மறுபடி கடக்க வேண்டியிருந்தது. அடுத்த விமானத்துக்கு மூன்றரை மணி நேர இடைவெளி. அத்தை நாற்காலியில் ஒருக்களித்துச் சாய்ந்தபடி, கொண்டு வந்த புளியோதரையைப் பாதியோடு மூடி வைத்துவிட்டார்.

சேலம் விமானத்துக்கு ஒரு மணி ஐந்து நிமிடம், காமலாபுரத்திலிருந்து வீட்டுக்கு நாற்பது நிமிடம். கதவைத் திறந்து மகள் வரவேற்றபோது, கிளம்பி ஒன்பதரை மணி நேரம் கடந்திருந்தது.

திரும்புவதற்கு, பெங்களூருவிலிருந்து நாகர்கோவில் செல்லும் ரயிலில் கீழ்ப் படுக்கை கிடைக்கும் நாளுக்காகப் பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். திருநெல்வேலி ஜங்ஷன் வரும்வரை அத்தை ஒருமுறைகூட விழிக்கவில்லை.