எப்படிப் படுத்தால் வலி விடுகிறது?

பாம்பன் பக்கத்திலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு 22 வயது. தீவுகளை ஒட்டிக் கடல்பாசி எடுப்பவள். டைபாய்டில் ஒரு மாதம் கிடந்து, 45 கிலோவிலிருந்து 34 கிலோவுக்கு இறங்கியிருந்தாள். சாப்பிட்ட சற்று நேரத்தில் மேல்வயிறு வலி, பிறகு பச்சையாக வாந்தி. ஏற்கெனவே இரண்டு இடங்களில் அல்சர் மாத்திரை கொடுத்திருந்தார்கள். நானும் அதையே எழுதினேன். எண்டோஸ்கோப்பியில் புண்ணே இல்லை. சாப்பிடப் பயந்து நடிக்கிறாள் என்று உறவினர்கள் சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

வழி காட்டியவர் அவளுடைய அம்மா. "சாப்பிட்டதும் முட்டியை மடக்கிக் குப்புறக் கவிழ்ந்துவிடுகிறாள் டாக்டர். அப்படிக் கிடந்தால்தான் வலி விடுகிறது" என்றார்.

பெருந்தமனியிலிருந்து பிரிந்து, குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி ஒன்று சாய்வாகக் கீழே இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்து வழியாகத்தான் முன்சிறுகுடல் போகிறது. சந்தை விரித்து வைத்திருப்பது அங்குள்ள கொழுப்பு. உடம்பு வேகமாக இளைத்தால் அதுவும் கரைந்து, தமனி குடலை நசுக்கிவிடும். குப்புறப் படுத்தால் அந்த அழுத்தம் தளர்கிறது. எடின்பரோ அறுவை மருத்துவர் வில்கி 1927-லேயே இப்படிப்பட்ட 75 நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். வில்கி நோய் என்ற பெயரைப் படித்திருந்தும், எனக்கு அது நினைவுக்கு வரவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

மருந்து ஏற்றி சிடி எடுத்தோம். 10 மில்லிமீட்டராவது இருக்க வேண்டிய சந்து 5 தான் இருந்தது. இரண்டு தமனிகளுக்கும் இடையிலான கோணம் வெறும் 14 டிகிரி. இரைப்பை பானையாக உப்பியிருந்தது.

முதலில் மூக்குக் குழாயால் இரைப்பையைக் காலி செய்து, பொட்டாசியத்தைச் சரிசெய்தோம். பிறகு அடைப்பைத் தாண்டி மெல்லிய குழாய் ஒன்றை இறக்கி, சொட்டுச் சொட்டாகத் திரவ உணவு. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை, மீன் சாறு கொண்டுவந்து நின்றார். பட்டினி கிடந்த உடம்புக்கு அவசரமாக ஊட்டினால் ரத்தத்தில் உப்புகள் சரிந்து உயிருக்கே ஆபத்து என்பதைத் தினமும் சொல்ல வேண்டியிருந்தது. எடை ஏறாவிட்டால், அடைப்புக்கு முன்னுள்ள குடலை அப்பாலுள்ள குடலோடு இணைக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படும் என்றும் சொல்லிவைத்தேன்.

தேவைப்படவில்லை. ஆறு வாரத்தில் 38 கிலோ. கஞ்சியை நாலைந்து வேளையாகக் குடித்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி அனுப்பினேன். 42 வரும்வரை கடலில் இறங்கக் கூடாது என்றேன். சனிக்கிழமைதோறும் மீன் நிறுக்கும் தராசில் மகளை ஏற்றிவிட்டு அம்மா போன் செய்கிறார். போன வாரம் 41.