26ஏ கார்டு வாங்கிய கதை

லாரி வந்து நின்றபோது காலை ஆறரை. குஜராத்தின் மோர்பியிலிருந்து நாட்கணக்கில் ஓடி வந்த டைல்ஸ் லோடு. டிரைவர் தார்ப்பாய் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கடையில் வேலை பார்க்கும் இரண்டு பையன்களும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முதல் பெட்டியில் கை வைப்பதற்குள் நீலச் சட்டையில் ஐந்து பேர் வந்துவிட்டார்கள். சத்தம் இல்லை, மிரட்டல் இல்லை. அவர்களில் மூத்தவர், "அண்ணாச்சி, லோடு இறக்கறது எங்க பணி" என்றார், கடை வாடகையை ஞாபகப்படுத்துவது போல.

வாளையாறு தாண்டிக் கேரளாவில் கடை போட்டு அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஊரில் லோடுமேன் வேண்டுமென்றால் போன் போட்டுக் கூலி பேசிக் கூப்பிடுவோம், கட்டுப்படியாகாவிட்டால் வேறு ஆள் பார்ப்போம். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்தேன். என் கடை, என் சரக்கு, நான் வைத்த ஆள். இதில் வெளியாளுக்கு என்ன வேலை?

டைல்ஸ் மூலை தட்டினாலே விலை போகாது என்பதால் என் பையன்களே இறக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். ஒரு மணி நேரப் பேச்சுக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்கள். பையன்கள் இறக்கலாம், ஆனால் அந்த ஐந்து பேருக்கும் சேர்த்து 3,000 ரூபாய் தர வேண்டும். கொடுத்தேன். ரசீது கேட்டதற்குச் சிரித்தார்கள். ஐந்து பேரும் கடைப் படியில் உட்கார்ந்து கடைசிப் பெட்டி இறங்கும்வரை பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பெயர்தான் நோக்குகூலி என்று பக்கத்துக் கடைக்காரர் பிறகு சொன்னார். வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்ததற்குக் கூலி.

கோபத்தோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்.ஐ. முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்க பையன்களுக்கு 26ஏ கார்டு இருக்கா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். எனக்கு அது என்னவென்றே தெரியாது. "அப்போ அதை முதல்ல வாங்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு அவர்மேல் எரிச்சல்தான் வந்தது. உண்மையில் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான ஆலோசனை அதுதான். நான் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து பார்த்ததற்குப் பணம் கேட்டது ஒன்று, என் ஆட்களை இறக்கவிடாமல் தடுத்தது இன்னொன்று. முதலாவது அடாவடி. நோக்குகூலியை மாநில அரசு 2018 மே 1 முதல் தடை செய்திருக்கிறது. 2021இல் திருவனந்தபுரம் தும்பாவுக்கு விண்வெளி மையத்தின் இயந்திரம் ஏற்றி வந்த லாரியை மறித்துப் பணம் கேட்ட சம்பவம் பெரிய செய்தியானது. அந்த ஆண்டு உயர் நீதிமன்றமும் இந்த வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தது. ஆகவே அந்த 3,000 ரூபாயை நான் கொடுத்திருக்கவே வேண்டியதில்லை.

ஆனால் இரண்டாவது அப்படியில்லை. சுமை தூக்குகிறவர்களுக்கென்றே 'கேரளச் சுமட்டுத் தொழிலாளர் சட்டம், 1978' என்று ஒன்று இருக்கிறது. 1981இல் விதிகளும், 1983இல் வேலை முறைப்படுத்தலுக்கும் நலநிதிக்குமான திட்டமும் வந்தன. அந்தத் திட்டம் அமலில் இருக்கும் பகுதியில், பதிவு செய்த தொழிலாளிதான் கூலிக்குச் சுமை ஏற்றி இறக்கலாம். என் கடைத் தெரு அந்தப் பகுதிக்குள் வருகிறது. என் பையன்கள் பதிவு செய்யாதவர்கள். அதாவது, தடுத்தபோது அந்த ஐந்து பேர் பக்கம் சட்டம் இருந்தது, பணம் கேட்டபோது இல்லை. இது எனக்குப் பிடிபட இரண்டு மாதம் ஆனது.

கடைக்காரர் தன் கையாலேயே இறக்கிக்கொண்டால் சட்டம் ஒன்றும் சொல்லாது, ஏனென்றால் அவர் யாரும் வேலைக்கு வைத்த ஆள் இல்லை. அந்தத் தைரியத்தில் ஒரு சின்ன லோடை நானே இறக்கிப் பார்த்தேன். இருபது பெட்டியோடு முதுகு பிடித்துக்கொண்டது. இந்த உரிமை இளவயதுக்காரர்களுக்கு.

சரி, கார்டு. விதி 26ஏ-யின் கீழ், ஒரு முதலாளியிடம் வேலை செய்கிறவர் தன்னைச் சுமட்டுத் தொழிலாளியாகப் பதிவு செய்யக் கோரலாம். பதிவு செய்யும் அதிகாரி உதவித் தொழிலாளர் அலுவலர், இங்கே எல்லோரும் ஏ.எல்.ஓ. என்பார்கள். விண்ணப்பிக்க வேண்டியது தொழிலாளி. கடைக்காரர் 'இவரை நான் வேலைக்கு வைத்திருக்கிறேன், சுமைப்பணியும் கொடுப்பேன்' என்று எழுதித் தர வேண்டும். நாங்கள் கொடுத்தவை: போட்டோ, வயதுச் சான்று, கடையின் பதிவுச் சான்றிதழ், சம்பளப் பதிவேட்டின் நகல், சரக்கு வந்ததற்கான பில்கள். சம்பளப் பதிவேட்டை அதுவரை நான் ஒழுங்காக எழுதியதில்லை. விண்ணப்பத்துக்காகவே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன், அதனால் முந்தைய மாதங்கள் காலி. அதைப் பார்த்து அலுவலகத்தில் ஒருவர் புருவத்தை உயர்த்தினார். கடை திறந்த அன்றே அதை எழுதத் தொடங்கியிருக்க வேண்டும்.

விசாரணைக்குத் தொழிற்சங்கத்தாரையும் கூப்பிட்டார்கள். அன்றைக்கு வந்தவர் அதே மூத்தவர். வெளியே காத்திருந்தபோது எனக்கும் சேர்த்து டீ வாங்கிவந்தார். "அண்ணாச்சி, உங்க மேல கோபமில்லை. கடைக்கு ரெண்டு பேரா எல்லாரும் வச்சுக்கிட்டா எங்க ஏரியா லோடுமேன் குழுவுக்கு என்ன மிச்சம்?" என்றார். அவர் இந்தத் தெருவில் மூட்டை தூக்க ஆரம்பித்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பேன். அவர் உச்சந்தலையில் முடி போன இடம் வழுவழுவென்று இருந்தது. பதில் சொல்லத் தெரியாமல் டீயைக் குடித்தேன்.

உள்ளே அவர் அதே கேள்வியை ஆட்சேபணையாக எழுதிக் கொடுத்தார். கூடவே, என் பையன்களுக்குச் சுமைப்பணியில் முன் அனுபவம் இல்லை என்றும் சேர்த்திருந்தார். ஒரு மாதம் கழித்து வந்த உத்தரவில் அந்த இரண்டாவது வரியைக் காரணமாகக் காட்டி விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்திருந்தார்கள்.

அந்த உத்தரவை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. கார்டு இல்லாமல் சுமை தூக்கக் கூடாது. சுமை தூக்கிய அனுபவம் இல்லாமல் கார்டு கிடையாது. பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான்.

ஏ.எல்.ஓ. உத்தரவுக்கு எதிராக மாவட்டத் தொழிலாளர் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். செய்தோம். நான்கு மாதம் இழுத்து, அங்கேயும் அதே காரணத்தைச் சொன்னார்கள். அதற்குள் ஒரு பையன், "வேற வேலை பார்த்துக்கறேன் அண்ணே" என்று ஆரம்பித்துவிட்டான். அவனைச் சமாதானப்படுத்தியதுதான் இந்த வழக்கிலேயே கஷ்டமான பகுதி.

பிறகுதான் எறணாகுளத்தில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். காகிதங்களைப் புரட்டிய ஐந்தாவது நிமிடத்தில், "இது ரொம்பப் பழைய பிரச்னை" என்றார். வேலை கொடுக்க முதலாளி தயார், செய்யத் தொழிலாளிக்கு மனமும் உடல் தெம்பும் இருக்கிறது என்றால் பதிவைக் கொடுக்க வேண்டும், முன் அனுபவம் இல்லை என்றோ, அந்தப் பகுதிக் குழுவில் ஏற்கனவே ஆள் இருக்கிறது என்றோ மறுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் முன்பே பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறதாம். அவற்றின் நகல்களை முதல் விசாரணையிலேயே கொடுத்திருந்தால் நமக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்கும் என்றார். உயர் நீதிமன்றத்தில் போட்ட ரிட் மனுவில் தள்ளுபடி உத்தரவு ரத்தானது, மறுபடி பரிசீலிக்கச் சொல்லிக் கெடுவும் விதித்தார்கள். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது இரண்டு கார்டும் கைக்கு வந்தன. முதல் விண்ணப்பத்திலிருந்து கணக்குப் பார்த்தால் பதினோரு மாதம்.

கார்டு வந்தால் எல்லாம் இலவசம் என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்கான நலநிதிப் பங்கை முதலாளி கட்ட வேண்டும். அந்தக் கார்டு என் கடைச் சரக்குக்கு மட்டும்தான், பக்கத்துக் கடை லோடுக்கு அவர்கள் போக முடியாது. வாடிக்கையாளர் வீட்டில் இறக்குவது வேறு கணக்கு. தனி ஆள் தன் வீட்டு உபயோகத்துக்கு ஆள் வைத்தால் அந்த ஆள் இந்தச் சட்டத்தின் 'சுமட்டுத் தொழிலாளி' வரையறைக்குள் வரமாட்டார். வீட்டில் இறக்க யாரைக் கூப்பிடுவது என்று கேட்கிறவர்களிடம் இப்போது இதை விளக்கமாகவே சொல்கிறேன். அப்புறம், குழு ஆட்களைக் கூப்பிட்டாலும் கேட்ட தொகையைக் கொடுக்க வேண்டும் என்பதில்லை. தொழிலாளர் அலுவலகத்தில் எங்கள் பகுதிக்கான கூலிப் பட்டியல் இருந்தது. அதன் நகல் இப்போது என் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறது.

கார்டு வந்த பிறகு வந்த முதல் லாரிக்கும் அதே ஐந்து பேர் வந்தார்கள். கார்டுகளைக் காட்டினேன். மூத்தவர் வாங்கி, போட்டோவையும் பையன்களின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எதிர் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அன்று யாரும் பணம் கேட்கவில்லை.

பையன்கள் இறக்கி முடித்தபோது நான்கு பெட்டி உடைந்திருந்தது. மூத்தவர் பெஞ்சிலிருந்தே எண்ணியிருக்கிறார். "அண்ணாச்சி, நாங்க இறக்கியிருந்தா ரெண்டுதான்" என்றார்.

அடுத்து வந்தது 16 டன். இரண்டு பேரால் ஆகிற காரியமில்லை. அவர்களைத்தான் கூப்பிட்டேன். பட்டியல் கூலி, ரசீதோடு.