இன்வெர்ட்டர் கத்துதுங்க

டர்பனுக்கு வடக்கே மவுண்ட் மோர்லாண்டில் வீடு காட்டிய புரோக்கர், "பக்கத்துலயே நாணல் சதுப்பு. ராத்திரி அப்படி ஒரு அமைதி" என்று சொல்லித்தான் தலையில் கட்டினார். அவர் காட்டியது பட்டப்பகலில் என்பது சாவி வாங்கிய பிறகுதான் உறைத்தது.

2023 அக்டோபர். நல்ல மழை பெய்து ஓய்ந்த ராத்திரி, பத்து மணிக்கு ஆரம்பித்தது. 'ப்வீக்... ப்வீக்... ப்வீக்...' நொடிக்கு ஒன்று.

"ஏங்க, இன்வெர்ட்டர் கத்துது பாருங்க."

அந்த வருஷம் தென்னாப்பிரிக்காவில் இருந்தவர்களுக்குத் தெரியும். லோட் ஷெட்டிங் என்கிற மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் குக்கரே வைப்போம். இன்வெர்ட்டர் சிணுங்கினால் கைக்குழந்தை அழுத மாதிரி ஓடுவோம். ஓடினேன். நாலு பச்சை விளக்கும் எரிய, அது நிம்மதியாக இருந்தது. அடுத்து புகை அலாரம். நாற்காலி மேல் ஏறி பேட்டரியைக் கழற்றினேன். சத்தம் நிற்கவில்லை. மைக்ரோவேவ், காலிங் பெல், கார் என்று வரிசையாகச் சந்தேகப்பட்டு, கடைசியில் டார்ச்சோடு தோட்டத்துக்குப் போனேன். கிட்டே போனால் கப்சிப். உள்ளே வந்து கதவைச் சாத்தினால் 'ப்வீக்'.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்தார். பகல் பதினொரு மணி, ஊசி விழுந்தால் கேட்கும். வந்ததற்குக் கூலி வாங்கிக்கொண்டு போனார்.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து இந்த நேட்டால் பகுதிக்கு வந்தவர்களின் பேத்தி. தமிழில் அவருக்குத் தெரிந்தது கோயில் பாட்டு கொஞ்சம், 'அய்யோ' நிறைய. நான் சொல்லி முடிப்பதற்குள் மூன்று அய்யோ போட்டுவிட்டார், சிரிப்பினூடே. "அது தவளைப்பா. பெயிண்டட் ரீட் ஃப்ராக்."

தவளையா? நம்மூர்த் தவளைக்கு ஒரு ஒழுங்கு உண்டு; கத்தினால் தவளை என்று தெரியும். விசில் அடிக்கும் தவளையை யார் கண்டார்கள்?

அன்று ராத்திரி ஆன்ட்டி சொன்னபடி, விளக்கை அணைத்து வைத்து நாணல் ஓரம் அசையாமல் நின்றேன். சத்தம் மறுபடி தொடங்கியதும் டார்ச் அடித்தேன். தண்டில் ஒட்டிக்கொண்டு ஒரு ஆசாமி, மூணு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். உடம்பெல்லாம் வரிவரியாகக் கோலம், விரல்கள் மருதாணி வைத்த மாதிரி சிவப்பு. தொண்டைப் பை பபிள் கம் போல ஊதி ஊதி அடங்கியது. கட்டைவிரல் நுனி சைஸில் இருந்துகொண்டு இரண்டு நாளாக எங்களைத் தூங்கவிடவில்லை.

"கத்துறதெல்லாம் ஆண் தவளைங்க மட்டும்தானாம்" என்றேன் வீட்டில். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் அடுத்த தகவலுக்குத் தாவினேன்.

அடுத்த தகவல் ஜன்னல் விளிம்பில் இருந்தது. மத்தியான வெயிலில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. சுண்ணாம்புக் கட்டி என்று நினைத்து கரண்டிக் காம்பால் நெம்பினேன். சுண்ணாம்பு என் சட்டைப் பைக்குள் குதித்தது. பகலில் வெளுத்துப் போய் வெயிலைத் திருப்பி அடித்து, உடம்பில் இருக்கும் ஈரத்தைக் காப்பாற்றிக்கொள்ளுமாம். சட்டையை உதறியபடி நான் ஆடிய ஆட்டத்தை ஆன்ட்டி இன்னும் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர்தான் இன்னொன்றும் சொன்னார். இந்தக் கூச்சல்காரன் எங்கும் கிடைப்பான், உண்மையான வி.ஐ.பி. பிக்கர்ஸ்கில் நாணல் தவளை. 1982-ல்தான் அதைத் தனி இனமாக விவரித்தார்கள். குவாசுலு-நேட்டால் கரையோரச் சதுப்புகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லை. அந்தச் சதுப்பையும் வடித்துக் கரும்பு போட்டார்கள், வீடு கட்டினார்கள். "எங்க தாத்தா வெட்டின கரும்பும் அதுல சேர்த்தி" என்றார், கொஞ்சம் குரலை இறக்கி. இப்போது ஜோகன்னஸ்பர்க் மிருகக்காட்சிசாலையில் குஞ்சு பொரிக்க வைத்து நேட்டால் சதுப்புகளில் கொண்டுவந்து விடுகிறார்கள். குரல் மட்டும் மெல்லிசாம், பூச்சி கிறீச்சிடுவது போல. நானும் நாலு ராத்திரி காது கொடுத்துப் பார்த்தேன். திருவிழா குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே நின்று பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பதைக் கேட்கிற கதைதான்.

நவம்பருக்குள் எனக்குத் தவளை நிபுணர் என்ற நினைப்பு வந்துவிட்டது. ஒரு ராத்திரி, மின்வெட்டு நேரம், ஆபீஸ் மீட்டிங்கில் என் முறை. 'பீப்... பீப்...'

"ஏங்க, சத்தம் வருது."

"தவளை. விடு."

"வீட்டுக்குள்ள இருந்துல்ல வருது?"

"உள்ளயும் வரும். நேத்து பாத்ரூம்ல பிரஷ் டப்பா மேல உக்காந்திருந்துச்சு, பாக்கல?"

ஐந்து நிமிஷம் இருக்கும். விளக்கு, வைஃபை, மீட்டிங்கில் என் முகம், எல்லாம் ஒரே அடியாகப் போனது. வெளியே நாணலில் மட்டும் கச்சேரி ஒரு தாளம்கூடத் தப்பாமல் நடந்துகொண்டிருந்தது.

இருட்டுக்குள்ளிருந்து மனைவியின் குரல்:

"ஏங்க, உங்க தவளைக்கு சார்ஜ் தீந்துடுச்சு போல."